லாசர் படத்துக்குக் கீழே ஒரு விசாரணை

புதிதாகக் கறுப்புக் கோட்டுப் போட்டிருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நூதனசாலைக் காவல் வேலையைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கோ அண்ணை என்று கேட்டீர்கள். எந்தச் சப்பாத்துப் போட்டால் பின்னேரம் கால் வீங்காது, அபாய மணி அடித்தால் எந்தக் கதவை முதலில் பூட்டுவது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. வகுப்பில் சொல்லித் தராத ஒன்றைத்தான் எழுதப் போகிறேன். வாசித்துவிட்டு, 'இந்த மனுசனுக்கு ஏன் இவ்வளவு கசப்பு?' என்று கேட்பீர்கள். ஓம், கசப்புத்தான். ஓய்வெடுத்து வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்தாலும் அது போகிறதாக இல்லை.

வேலை செய்த இடத்தின் பெயர் உங்களுக்குத் தெரியும். ஆகையால் இங்கே எழுதவில்லை. டென்மார்க்கில், ஓகூஸ் நகரிலிருந்து காலையில் ரயிலேறிப் போய்ப் பின்னேரம் திரும்பி வரக்கூடிய ஊர். ஊரின் நடுவில் ஒரு பழைய வணிகக் குடும்பத்தின் மாளிகை. அந்தக் குடும்பம் கப்பல் விட்டுச் சேர்த்த செல்வத்தில் வாங்கிய படங்களையும் பீங்கான்களையும் வைத்து நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். சாதாரணக் காவலாளியாகச் சேர்ந்து, கடைசி ஆண்டுகளில் காவலாளிகளுக்கு மேற்பார்வையாளனாக இருந்து வெளியே வந்தவன் நான்.

மேல்மாடிப் பெரிய மண்டபத்தில் ஓர் இத்தாலியப் படம் இருக்கிறது. பாதிச் சுவரை அது ஒன்றே பிடித்திருக்கும். நடுவில் நீண்ட மேசை, வெள்ளைத் துணி, வறுத்த பறவைகள், பழங்கள், கண்ணாடிக் கிண்ணங்களில் வைன். சிவப்புப் பட்டுப் போர்த்த ஒரு பணக்காரர். பக்கத்தில் வாத்தியம் வாசிக்கும் பெண்கள். கீழே வலது மூலையில், வாசற்படியில் ஒரு பிச்சைக்காரர் சாய்ந்து கிடக்கிறார். காலெல்லாம் புண். இரண்டு நாய்கள் அந்தப் புண்ணை நக்குகின்றன. மேசைக்கும் படிக்கும் இடையில், வாசல் நிலையோடு ஒட்டிக்கொண்டு ஒரு வேலைக்காரன் நிற்கிறான். ஒரு கையில் காலித் தட்டு. மற்றக் கையை நீட்டிப் 'போ' என்று காட்டுகிறான். பார்க்க வருகிறவர்கள் பணக்காரரைப் பார்ப்பார்கள், பிச்சைக்காரரைப் பார்ப்பார்கள், நாய்களைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். வேலைக்காரனை ஒருவரும் பார்ப்பதில்லை. நாள் முழுக்க அவனுக்கு எதிரே நின்றவன் என்பதால் நான் பார்த்தேன்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் ஒரு டெனிஷ் அம்மா. அப்போது அவர் மண்டபப் பொறுப்பாளர். உயரமானவர், சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஒரு மனிதர் கோபமாக மண்டபத்துக்குள் வந்தார். யாரோடு கோபம், என்ன கோபம், ஒன்றும் விளங்கவில்லை. திடீரென்று கைத்தடியை ஓங்கிக்கொண்டு அந்தப் படத்தை நோக்கி நடந்தார். நான் விறைத்துப்போய் நின்றேன். அந்த அம்மா ஓடவில்லை. நடந்து போய், படத்துக்கு முதுகைக் காட்டியபடி, தடிக்கு நேரே நின்றார். "வெளியே நல்ல குளிர். ஒரு கோப்பி குடிப்போமா?" என்று கேட்டார். தடி இறங்கியது. அந்த மனிதர் பிறகு கோப்பிக் கடைக் கதிரையில் இருந்து குழந்தை மாதிரி அழுதார்.

அன்று பின்னேரம் அவர் என்னிடம் சொன்னார்: "கைக்கும் படத்துக்கும் நடுவில் முதலில் போய் நில். என்ன சொல்வது என்பதைப் பிறகு யோசிக்கலாம்." என்னுடைய வேலைக்காலம் முழுவதும் நான் பிடித்துக்கொண்டு நின்ற பாடம் அது. அந்த அம்மாவை என் கூடப்பிறந்த அக்காவுக்கு மேலாக மதித்தேன். அதனால்தான் பிறகு நடந்தது இவ்வளவு வலித்தது.

சுகந்தி எங்களிடம் வேலைக்கு வந்தபோது நான் மேற்பார்வையாளன். அந்த அம்மா எனக்கும் மேலே, முழுப் பார்வையாளர் பகுதிக்கும் தலைவி. சுகந்தி மட்டக்களப்புப் பிள்ளை, கத்தோலிக்கம். ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்த ஒருவரைக் கட்டி இந்த நாட்டுக்கு வந்தவள். அவர் கை நீட்டுகிற ஆள். பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு ஓகூஸுக்கு வந்துவிட்டாள். கலியாணத்தை நம்பிக் கொடுத்த வதிவிட அனுமதி கலியாணம் போனால் ஆடத் தொடங்கும். உங்களில் சில பேரின் வீட்டிலும் அது தெரியும். அவளுக்கு இருந்த ஒரே பிடி இந்த வேலைதான். வேலை அறாமல் இருந்தால் அடுத்த கோடையில் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இடையில் அறுந்தால் மறுபடி முதலில் இருந்து. அவள் காய்ச்சலோடும் வேலைக்கு வருவாள். லீவு எடுக்கச் சொன்னால், "கோடைக்கு எடுக்கிறன் அண்ணா, எல்லாத்துக்கும் சேர்த்து" என்பாள்.

படத்தின் கதையை எனக்குச் சொன்னவளும் அவள்தான். நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரன்; அவ்வளவு காலம் அதற்கு முன்னால் நின்றும் அது ஏதோ ராசா வீட்டு விருந்து என்றுதான் நினைத்திருந்தேன்.

"இது லாசர்ர கதை அண்ணா. கோயில்ல வாசிப்பாங்க. இவர், இந்தப் பணக்காரர், ஒவ்வொரு நாளும் விருந்து சாப்பிடுறவர். லாசர் வாசல்ல கிடக்கிறார், மேசையால விழுறதாவது கிடைக்குமா எண்டு. மறுகா ரெண்டு பேரும் செத்துப் போவாங்க. லாசர் ஆபிரகாம்ர மடியில. இவர் நெருப்புக்க. நெருப்புக்க கிடந்து கொண்டு, விரல் நுனியில ஒரு சொட்டுத் தண்ணி தொட்டு என்ர நாக்கில வையுங்க எண்டு கேட்பார்."

"குடுத்தவையோ?"

"இல்லண்ணா. நடுவுல பெரிய பள்ளம் எண்டு சொல்லிப் போடுவாங்க."

"நல்ல வேலை" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மண்டபத்தில் காவலாளி சத்தமாகச் சிரிக்கக் கூடாது.

எங்கள் வாசலிலும் ஒருவர் இருந்தார். யோர்ன். டெனிஷ்காரர்தான். ஒரு காலத்தில் தச்சு வேலை செய்தவராம். போத்தல் பொறுக்கிக் கடையில் கொடுத்துச் சீவிப்பவர். மாளிகையின் வாசற்படிக்குப் பக்கத்தில் நிலக்கீழ் அறையின் சூடான காற்று வெளியே வரும் இரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அதன்மேல் குந்திக்கொண்டிருப்பார். நுழைவுச்சீட்டு இல்லாமல் உள்ளே வரக் கூடாது, அதை அவரும் மீறியதில்லை. படத்தில் இருந்த நாய்கள் மட்டும் அவரிடம் இல்லை. டென்மார்க்கில் நாய்களுக்கு நல்ல வீடுகள் இருக்கின்றன.

நாங்கள் எல்லாரும் அவரைக் கடந்துதான் வேலைக்குப் போவோம். சுகந்தி மட்டும் நின்று காலை வணக்கம் சொல்லி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். டெனிஷில் அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை. யோர்னுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பழகிப்போய் அவரே எங்களைப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

இனித்தான் விஷயம். எங்கள் நூதனசாலைக்கு நிதி கொடுத்த ஒரு கம்பனி, அந்த ஆண்டு தங்களுடைய நத்தார் மதிய விருந்தை எங்கள் பெரிய மண்டபத்தில் வைத்தது. இந்த நாட்டில் கிறிஸ்து பிறப்பை ஒட்டி மார்கழியில் ஒவ்வொரு கம்பனியும் கந்தோரும் ஒரு மத்தியானம் முழுக்க இருந்து சாப்பிட்டுக் குடிக்கும் விருந்து. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேசையைச் சரியாக அந்தப் படத்துக்குக் கீழே போட்டார்கள். படத்தில் இருப்பது போலவே வெள்ளைத் துணி விரிக்கலாம் என்று எங்கள் நூதனசாலை இயக்குநருக்கு ஆசை. விரித்தார்கள். வாத்து, பன்றி வறுவல், சிவப்புக் கோவா, சீனியில் பிரட்டிய உருளைக்கிழங்கு. மேலே ஒரு விருந்து, கீழே ஒரு விருந்து. வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துப் படம் எடுத்தார்கள். ஒருவர் பணக்காரரைப் போலக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்துக்கூடப் படம் எடுத்தார்.

உணவு கொண்டுவந்த கம்பனிக்கு ஆள் பற்றாக்குறை. எங்கள் காவலாளிகளையும் தட்டு எடுக்கச் சொன்னார்கள். நான் கீழே விருந்தினரின் கோட்டுகளுக்குப் பொறுப்பாக நின்றேன், மேலே சுகந்தி.

அவள் கண்டது என்னவென்றால், கை படாத தட்டங்கள். முழு வாத்துகள். பரிமாறுகிற பெடியன் ஒன்றொன்றாகத் தூக்கிக் கறுப்புப் பைக்குள் கொட்டிக்கொண்டிருந்தான். மிஞ்சினால் எறிய வேண்டும். சட்டம் அப்படி, யாருக்காவது வயிற்றுக்குத்து வந்தால் கம்பனி பதில் சொல்ல வேண்டும். இதைச் சுகந்தி அறியாதவள் இல்லை. ஆனால் நாங்கள் எப்படியான சனம் என்று உங்களுக்குத் தெரியும். சாமத்தியவீடோ பிறந்தநாளோ, மண்டபத்தில் கொண்டாட்டம் முடிந்தால் பெண்கள் முதலில் தேடுவது ஐஸ்கிறீம் பெட்டியைத்தான். மிஞ்சிய சோறும் கறியும் பெட்டி பெட்டியாக அடைபட்டு ஆளாளுக்குக் கைமாறும். வேண்டாம் என்றால் கோபிப்பார்கள். சுகந்தியின் கைப்பையில் எப்போதும் கழுவித் துடைத்த ஒரு காலி ஐஸ்கிறீம் பெட்டி கிடக்கும்.

"எறியிறதெண்டா நான் கொஞ்சம் எடுக்கட்டா?" என்று அந்தப் பெடியனைக் கேட்டிருக்கிறாள். அவன் தோளை உயர்த்தி, எனக்கென்ன, எடு என்றிருக்கிறான். அவள் பெட்டியை நிரப்பினாள். ஒளித்து மறைத்து அல்ல. பின்கதவாலும் போகவில்லை. காவலாளிக் கோட்டோடு பெரிய மாடிப்படியால் இறங்கி, முன்வாசலால் போய், யோர்னிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "வயித்துக்குக் காணுமா?" என்றும் கேட்டாள்.

கள்ளி என்றால் இப்படியா செய்வாள்? நான் கோட்டு மாட்டும் இடத்திலிருந்து கண்ணாடிக் கதவால் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நெஞ்சு குளிர்ந்தது. அப்போது தோன்றியது அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து விருந்தினர் இறங்கி வந்தார்கள். கம்பனித் தலைவருக்கு நானே கோட்டைப் பிடித்தேன். கதவு திறந்ததும் யோர்ன் எழுந்து நின்றார். சந்தோசத்தில் மனிதருக்கு முகம் எல்லாம் சிவந்துபோயிருந்தது. ஐஸ்கிறீம் பெட்டியை இரண்டு கையாலும் கிண்ணம் மாதிரித் தூக்கிப் பிடித்து, "எல்லாருக்கும் நத்தார் வாழ்த்துகள்! நல்ல வாத்து!" என்றார். சில பேர் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவருடைய காருக்குள் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. தங்களைப் பகிடி பண்ணுவதற்காக யாரோ திட்டம் போட்டுச் செய்த வேலை என்று நினைத்துவிட்டார்.

அடுத்த நாளே இயக்குநரின் அறையில் தொலைபேசி அடித்திருக்கிறது. அதற்கடுத்த நாள் சுகந்திக்கு அழைப்பு. குற்றம்: விருந்து நடத்திய கம்பனிக்குச் சொந்தமான உணவைக் களவாக அகற்றியது. நம்பிக்கைத் துரோகம். வேலையால் நிறுத்துவது பற்றிய கூட்டம்.

பிள்ளைகளே, இங்கேதான் நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். கூட்டத்துக்கு இடம் ஒழுங்கு செய்யும் பொறுப்பு என்னுடையது. திங்கட்கிழமை, நூதனசாலைக்குப் பூட்டு. கூட்ட அறையில் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று சொல்லி, பெரிய மண்டபத்தில் மேசை போட்டேன். படத்துக்குக் கீழே. இயக்குநருக்கு லாசர் நேர் எதிரே தெரியும்படி அவருடைய கதிரையை வைத்தேன். நான் வாய் திறக்கத் தேவையில்லை, படம் பேசும் என்று நினைத்தேன். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதரால் எப்படி அந்தப் பிள்ளையை நிறுத்த முடியும்?

மேலே ஏறும் முன் சுகந்தியை மாடிப்படியடியில் மறித்தேன். "பிள்ளை, நான் சொல்லுறதை வடிவாக் கேளும். என்ன கேட்டாலும் மன்னிப்புக் கேளாதையும். எறியிற சாப்பாடு, கேட்டுத்தான் எடுத்தனான் எண்டு மட்டும் சொல்லும். விளங்கினதோ?"

"விளங்குது அண்ணா. எனக்கு வேல போகாதுதானே?"

"ஒருத்தரும் உம்மைத் தொடேலாது" என்றேன்.

மேசையில் இயக்குநர், ஆளணிப் பொறுப்பாளர், தொழிற்சங்கப் பிரதிநிதி, எனக்கு வேலை பழக்கிய அந்த அம்மா, சுகந்தி, நான். இயக்குநர் கதிரையில் இருக்கப் போனவர் படத்தைக் கண்டதும் இருக்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு காலமாயிற்று இதை ஆறுதலாகப் பார்த்து!" என்றார். பிறகு எங்களுக்குப் படத்தை விளக்கத் தொடங்கினார். நான் நினைத்தது நடக்கிறது என்று என் மனம் துள்ளியது.

எவ்வளவு அழகாகச் சொன்னார் தெரியுமோ! ஓவியர் வெளிச்சத்தைப் பணக்காரரின் பட்டில் வைக்காமல் பிச்சைக்காரரின் பாதத்தில் வைத்திருப்பதைக் காட்டினார். மேசையில் இருக்கும் ஒருவருடைய கண்ணும் வாசலைப் பார்க்கவில்லை என்பதைக் காட்டினார். "இன்னொன்று கவனியுங்கள்" என்றார். "இந்தக் கதையில் பணக்காரருக்குப் பெயர் இல்லை. வேதத்தில் அவர் வெறும் பணக்காரர். பெயர் இருப்பது ஏழைக்கு மட்டும்தான். லாசர். கடவுளுக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான்." சொல்லும்போது குரல் தளதளத்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சத்தியமாகத் துடைத்தார், நான் கண்ணால் கண்டேன்.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதிரையை இழுத்துச் சௌகரியமாக இருந்து, "சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் உணவை எடுத்தீர்களா, இல்லையா?" என்று சுகந்தியைக் கேட்டார்.

சுகந்தி எழுந்து நின்றாள். இந்த நாட்டில் யாரும் எழுந்து நிற்பதில்லை. பெரியவர் கேட்டால் எழும்பிப் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்த பிள்ளை. "எடுத்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று டெனிஷில் சொன்னாள்.

அவள் சொன்ன மன்னிப்பு என்ன மன்னிப்பு என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாலு பெரிய மனிதர் கூடியிருக்கத் தன்னால் இவ்வளவு தொந்தரவு ஆகிவிட்டதே என்று எங்களுடைய ஆட்கள் மரியாதைக்குச் சொல்வது. சண்டையில் மற்றவன் பிழை விட்டிருந்தாலும் நாங்கள் அதைச் சொல்லித்தானே பேச்சைத் தொடங்குவோம். ஆளணிப் பொறுப்பாளர் உடனே எழுதினார். தொழிற்சங்கக்காரர் பெருமூச்சு விட்டு என் பக்கம் குனிந்து, "ஒப்புக்கொண்டுவிட்டாரே, இனி நான் என்ன செய்ய?" என்றார்.

நான் எழுந்தேன். எறியப் போன சாப்பாடு, கேட்டு எடுத்தது, பகல் வெளிச்சத்தில் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். ஆளணிப் பொறுப்பாளர் உணவுக் கம்பனியிடம் விசாரித்துவிட்டாராம். யாரும் அனுமதி கொடுத்ததாக அவர்களுக்கு ஞாபகம் இல்லையாம். "மேலே பாருங்கள்" என்று படத்தைக் காட்டினேன். "இதைவிட நான் என்ன சொல்ல?"

இயக்குநர் மிகவும் அன்பாக என்னைப் பார்த்தார். "உங்கள் உணர்வு எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் அது கலை. இது வேலைத்தலம்" என்றார்.

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். இயக்குநர் அவருடைய பேச்சைத் தட்டமாட்டார். ஓங்கிய தடிக்கு முன்னால் போய் நின்ற மனுசி. கைக்கும் படத்துக்கும் நடுவில் முதலில் போய் நில் என்று எனக்குச் சொன்ன மனுசி. அவர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடியும்வரை நகங்களைத்தான் பார்த்தார். பிறகு சுகந்தியை நிறுத்தும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

படத்துக்கு முன்னால் போய் நிற்கிறவர் எல்லாரும் ஆளுக்கு முன்னாலும் போய் நிற்பார்கள் என்று தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். படம் திருப்பி ஒன்றும் கேட்காது. படத்துக்காக நின்றால் பாராட்டு விழா வைப்பார்கள்.

அன்று சுகந்தியோடு அவளுடைய வீட்டுக்குப் போனேன். வீட்டில் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து இருந்தாள். தமிழ் விளங்கும், பதில் எல்லாம் டெனிஷில்தான் வரும். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "அம்மா களவெடுத்தவவா?" என்று டெனிஷில் கேட்டாள். இவ்வளவு காலம் இந்த நாட்டில் இருந்து, டெனிஷில் சண்டை பிடிக்கவும் பகிடி விடவும் தெரிந்த எனக்கு, அதற்குப் பதில் சொல்ல டெனிஷ் வரவில்லை. "இல்லையம்மா. சாப்பாடு குடுத்தவ" என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. சாப்பாடு கொடுத்ததற்கு யாராவது வேலையை எடுப்பார்களா என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

பிறகு மேல்முறையீடு, வழக்கறிஞர், நகரசபையான கொம்யூன் என்று நான் ஏறாத படி இல்லை. ஒப்புக்கொண்டவர் என்ற ஒரு சொல் எல்லாக் கதவையும் பூட்டியது. அந்தக் கோடை வந்தது. சுகந்தியால் விண்ணப்பிக்க முடியவில்லை. விட்டு ஓடி வந்த ஹொல்ஸ்டெப்ரோவுக்கே திரும்பிப் போனாள். அங்கேதான் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வேலை இருக்கும் மாதம் இருக்கும், இல்லாத மாதம் இல்லை. அறுந்து அறுந்து போனால் கணக்கு ஒரு நாளும் முடியாது. முன்பு கை நீட்டியவரைக் கடைத்தெருவில் கண்டால் இன்றைக்கும் மறுபக்கம் கடந்து நடக்கிறாள். அனுமதியைப் புதுப்பிக்கும் காலம் வரும்போதெல்லாம் வீட்டில் உலை வைக்க மனம் வராது என்று சொல்லுவாள். மகள் வளர்ந்துவிட்டாள். தாய்க்கு அனுமதி கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று நான் அவளைக் கேட்டதில்லை.

இதெல்லாம் நடந்தும் நீங்கள் ஏன் அண்ணை அங்கேயே இருந்தனீங்கள் என்று ஒருவர் கேட்டார். வேறு எங்கே போக? இருந்தேன். அந்த அம்மா ஓய்வெடுத்தார். பிறகு என்னுடைய முறை வந்தது.

எனக்குப் பிரியாவிடை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். எங்கே? அதே மண்டபத்தில். எனக்குப் பிடித்த படம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைத் துணி, கறுப்புப் பாண் துண்டுகளில் இறாலும் முட்டையும் மீனும் அடுக்கிய தட்டங்கள், வைன். நிதி கொடுப்பவர்களும் வந்திருந்தார்கள். ஓய்வெடுத்த அந்த அம்மாவும் வந்து முன்வரிசையில் இருந்தார். உங்களில் சிலரும் புதுக் கோட்டோடு சுவரோரம் நின்றீர்கள்.

இயக்குநர் பேசினார். என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை. பிறகு படத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார். "இந்த வீட்டின் மனிதாபிமானத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்" என்றார். "ஒரு நத்தார் விருந்தின்போது, இதே மேசையிலிருந்து, எங்களுடைய காவலாளி ஒருவர் உணவை எடுத்துச் சென்று வாசலில் இருந்த வீடற்ற மனிதருக்குக் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள், இந்தப் படத்தின் கீழே! படங்கள் மனிதரை மாற்றும் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?"

சபை 'ஆ' என்றது. ஒரு சீமாட்டி நெஞ்சில் கையை வைத்தார். பிறகுதான் அறிந்தேன், சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளும் இந்தக் கதையை வருகிறவர்களுக்குச் சொல்கிறார்களாம். எல்லாருக்கும் பிடிக்கிறதாம்.

"அந்தக் காவலாளியின் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

இயக்குநர் சிரித்த முகத்தோடு ஆளணிப் பொறுப்பாளரைப் பார்த்தார். அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா நகத்தைப் பார்த்தார். "மிகவும் அன்பான ஓர் இந்தியப் பெண்" என்றார் இயக்குநர்.

இயக்குநரையே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று எங்களை வற்புறுத்துகிற நாடு இது. சேர்ந்த நாளில் என் தோளில் கையைப் போட்டுத் தன் பெயரைச் சொல்லித் தந்தவர் அவர்.

"சுகந்தி" என்றேன். "இந்தியா இல்லை. இலங்கை, மட்டக்களப்பு. அந்தச் சாப்பாட்டுக்காக அவளை வேலையால் நிறுத்தியது நீங்கள். இந்த இடத்தில் இருந்துதான் நிறுத்தினீர்கள்."

பிறகு பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். மற்றவர்களும் தட்டினார்கள். கிண்ணங்களைத் தூக்கினார்கள். எனக்காகக் குடித்தார்கள்.

எல்லாரும் கலையும்போது பார்த்தேன், தட்டங்கள் அப்படியே கிடந்தன. ஒரு தட்டை எடுத்து, இறால் பாணும் மீன் பாணுமாக நிறைய அடுக்கினேன். ஒருவரும் தடுக்கவில்லை. ஓய்வெடுத்தவனை வேலையால் நிறுத்த முடியாதே. பெரிய மாடிப்படியால் இறங்கி முன்வாசலால் வெளியே போனேன்.

யோர்ன் இல்லை. எப்போதோ வராமல் விட்டுவிட்டார். எங்கே போனார் என்று விசாரிக்க சுகந்தியும் இல்லை. அவர் குந்தியிருந்த இரும்புச் சட்டத்தின்மேல் பெரிய சீமெந்துப் பூச்சாடிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒருவரும் இருக்க இடம் இல்லை. பூக்கள் வடிவாகத்தான் இருந்தன, வெப்பக்காற்றில் நன்றாக வளருகின்றன.

தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சுகந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். தொழிற்சாலை இடைவேளையில் நின்றாள்; பின்னால் மெஷின் சத்தம்.

"அண்ணா, அந்த நாய் ரெண்டும் இன்னும் நக்கிக்கொண்டுதான் நிக்குதா?"

"ஓம்."

"பாவங்கள். நீங்க அந்தப் படியில இருந்து சாப்பிடுங்க. உங்கள இனி ஆர் என்ன செய்யிற?"

சரி என்று பூச்சாடிக்குப் பக்கத்தில், கடைசிப் படியில் இருந்தேன். ஒரு பாணைத்தான் கடித்திருப்பேன். பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது. புதுக் கறுப்புக் கோட்டு. எங்களுடைய பிள்ளை ஒருவர். கூச்சத்தில் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. படியில ஒருத்தரையும் இருக்க விட வேண்டாமெண்டு சொல்லியிருக்கினம். மேல நிண்டு பாக்கினம்."

அவர் மரியாதையாகக் குனிந்து என் தட்டை வாங்கினார். வாங்கி, ஒரு கையில் தட்டோடு, மற்றக் கையை நீட்டித் தெருப் பக்கம் வழி காட்டினார்.

நான் எழும்பிப் போனேன். அவர் உங்களில் ஒருவர்தான். பெயரை எழுதவில்லை.